கேன்சர் மாதிரி

உட்காருங்க அம்மிணி. அந்த ஓரத்துல வேண்டாம், மேல ஏசியில இருந்து தண்ணி சொட்டுது. இப்படி நகர்ந்து வாங்க. ரிப்போர்ட்டுக்கா வந்தீங்க? கேக்கவே வேண்டாம், நீங்க பையைப் புடிச்சிருக்கிற புடியிலேயே தெரியுது. நானும் அப்படித்தான் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், இதே பெஞ்சுல. மூணாம் நம்பர் ரூம் டாக்டரம்மாதானே? நல்லவங்க. ஆனா ஒண்ணை நேரா சொல்ல மாட்டாங்க.

எனக்கு இன்னைக்கு ஒரே ஒரு வேலைதான். டாக்டரம்மாகிட்ட ஒரு வரி எழுதி வாங்கணும். 'இவங்க பெங்களூர் போயி மறுபடியும் பாத்துக்கணும்'னு ஒரு வரி. வாங்கிட்டா திருப்பூர் பஸ்ஸைப் புடிச்சுப் போயிட்டே இருப்பேன். போன தடவை கேட்டதுக்குச் சிரிச்சு அனுப்பிட்டாங்க. இன்னைக்கு நான் விடுறதா இல்ல.

என்ன சீக்குன்னு பாக்குறீங்களா? ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. அதுல இருந்துதான் எல்லாத் தொல்லையும்.

முதல்ல இருந்து சொல்றேன், இருங்க. உங்களை இப்பக் கூப்பிட மாட்டாங்க, உள்ள ஒரு கூட்டமே போயிருக்கு.

நான் பனியன் கம்பெனியில பிசிறு வெட்டுற வேலை. தைச்சு வர்ற துணியில நூல் நூலா நீட்டிட்டு இருக்குமே, அதை வெட்டி எடுக்கணும். ஏழாவதோட படிப்பை நிறுத்தி எங்கம்மா என் கையில கத்தரியைக் குடுத்தாங்க, அது இன்னும் கீழ எறங்கல. வீட்டுக்காரர் நெஞ்சுவலியில போய்ச் சேந்துட்டாரு. லைன் வீட்டுல ஒத்தையில இருக்கேன். இதுல எனக்கு மாசாமாசம் உதிரம் நிக்காம போக ஆரம்பிச்சுது. ஒருநாள் கத்தரியும் கையுமா கம்பெனியிலேயே சாஞ்சுட்டேன். பாத்தா கர்ப்பப்பையில கட்டி. நார்க்கட்டி, நிறையப் பேருக்கு வர்றதுதான், பயப்படாதீங்கன்னு பையையே எடுத்துட்டாங்க. சரி, விட்டுது சனியன்னு இருந்தேன்.

தையல் பாக்க வந்த அன்னைக்கு டாக்டரம்மா கதவைச் சாத்தச் சொன்னாங்க. கதவைச் சாத்தினாலே நல்ல சேதியா இருக்காது, இல்லீங்களா?

'சாந்தாமணி, எடுத்த கட்டியை லேபுல பாத்தோம். கேன்சர் மாதிரி இருக்கு. ஆனா கேன்சர்னு சொல்ல முடியல. அந்த மாதிரியை பெங்களூருக்கு அனுப்பிப் பாக்கணும்'னாங்க.

எத்தனை மாதிரி பாருங்க! எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. 'எந்த மாதிரிங்க டாக்டரம்மா?'ன்னேன். 'இந்த மாதிரிதான்'னு சொல்லி மெழுகுக் கட்டி ஒண்ணைக் காட்டுனாங்க. கற்பூர வில்லையாட்டம் இருக்கு. அதுக்கு நடுவுல பாக்குச் சீவல் அளவுக்கு ஒரு துணுக்கு. அதுதான் என் கட்டியாம். கெடாம இருக்க மெழுகுல வச்சு அடைச்சிருக்காங்க.

'மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பாத்தா இந்தச் செல்லோட மூஞ்சி விகாரமா இருக்கு சாந்தாமணி. கேன்சர் செல்லும் இப்படித்தான் இருக்கும். ஆனா ஒரு கெடுதலும் பண்ணாத சில கட்டியும் இதே வேஷத்தைப் போடும். மூஞ்சியை வச்சு நாங்க முடிவு பண்ணக் கூடாது. உள்ள இருக்கிற ஜீனைப் படிச்சாத்தான் அது யாருன்னு தெரியும். அதைப் படிக்கிற மிஷின் பெங்களூர் லேபுலதான் இருக்கு'ன்னாங்க.

'ஜீன்னா பரம்பரைங்களா?'

'ஏறக்குறைய அப்படி வச்சுக்கங்களேன். செல்லுக்குள்ள எழுதியிருக்கிற எழுத்து.'

பாத்தீங்களா? இவ்வளவு படிச்சவங்களே பரம்பரையைப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும்கிறாங்க. அதையே நான் சொன்னா எம் மகளுக்கு மட்டும் கோவம் பொத்துக்கிட்டு வருது.

மக இருக்கா. ஒரே மக, சிந்துஜா. ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை. அங்கயே ஒருத்தனைப் பாத்து, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்து நின்னா. நம்ம ஆளுங்க இல்ல. சரி, அதைக்கூட விடுங்க. அந்தப் பையன் மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும். காடாட்டம் தாடி. காதுல கடுக்கன். கழுத்துல பச்சை குத்தி ஏதோ ஒரு பட்சி. கண்ணு ரெண்டும் கோவைப்பழம். கேட்டா ராத்திரி ஷிப்டாம், தூக்கமில்லையாம். ஒரு மனுஷன் எப்படிப்பட்டவன்னு மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்காதா? எனக்குத் தெரியும் அம்மிணி, பாத்த உடனே தெரியும்.

லைன் வீட்டுல அத்தனை பேரும் வாசல்ல நின்னு வேடிக்கை பாக்கறாங்க. 'நீ என் படி ஏற வேண்டாம், நான் உன் படி மிதிக்க மாட்டேன்'னு சொல்லிட்டேன். கோவத்துல ஒரு தாய் சொல்றதுதான். அதைப் போயி அப்படியே புடிச்சுக்கிட்டா. வராதேன்னு சொன்னா வராமலேவா இருந்துடறது? ஆப்பரேசனுக்குக்கூட நான் சொல்லல. சொல்லாட்டி என்ன, பெத்த வயித்தை அறுக்கறாங்கன்னு அவளுக்குத் தானாத் தோண வேண்டாமா?

இந்த மெழுகு விஷயம் வந்த அன்னைக்குத்தான் போன் போட்டேன். 'கேன்சர் மாதிரின்னு சொல்றாங்கடி'ன்னேன். நான் பொய் சொல்லல. மாதிரின்னு தெளிவாத்தான் சொன்னேன். அவ போட்ட சத்தத்துல அந்தப் பாதி அவ காதுல விழலைன்னா நான் என்ன பண்ணுவேன்? இன்னொரு தடவை சொல்லலாமுன்னு பாத்தேன், அதுக்குள்ள பஸ் ஏறிட்டா.

ஒத்தையா வருவான்னு பாத்தா, அந்தப் பையனும் கூட. இங்க ஆஸ்பத்திரி லேபுல, 'வீட்டு ஆளுங்க யாராவது நேரா கொண்டுபோயிக் குடுத்தா வேலை சீக்கிரம் நடக்கும்'னு சொன்னாங்க. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள, 'குடுங்க அத்தை, நான் கொண்டுபோறேன்'னு கையை நீட்டுறான். அத்தையாம்! எந்த முறையில நான் அவனுக்கு அத்தை?

கூச்சமா இருந்துச்சு அம்மிணி. எந்த எடத்துச் சதை அது! அதைப் போயி ஒரு ஆம்பளை, அதுவும் அவன், டப்பாவைத் தொறந்து பாக்குறான். பாத்துட்டு எம் மககிட்ட கேக்குறான், 'சிந்து, வெளிய கொளுத்துதே, மெழுகு உருகிடாதா?'ன்னு. லேபுப் பொண்ணு, அதெல்லாம் உருகாதுங்கன்னு சொல்லுது. கேக்கல. கடைக்குப் போயி ஈரத்துண்டு வாங்கிட்டு வந்து, டப்பாவைச் சுத்தி, தன் சோத்துப் பையில வச்சுக்கிட்டான். சோத்துப் பையில! வழி முழுக்க அந்தப் பையை மடியில வச்சுத் தண்ணி தெளிச்சுட்டே போனானாம், பக்கத்து சீட்டுக்காரர் என்னப்பா மீனான்னு கேட்டாராம். எம் மக இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. சிரிக்கிற விஷயமா இது?

அவன் போனான். இவ என்கூட இருந்தா.

ரிசல்ட் வர நாளாகும்னுட்டாங்க. லீவு போட்டுட்டு இருந்தா. என்ன பண்ணுனான்னு கேளுங்க. ரசம் வச்சா, ஒரே புளி. என்னைக் குனிய விடல, குடம் தூக்க விடல. தலைக்குத் தண்ணி ஊத்திவிட்டா, சீயக்காயைக் கண்ணுக்குள்ள விட்டா. ராத்திரி என் பக்கத்துல படுத்துக்கிட்டு, நான் மூச்சு விடுறேனான்னு மூக்குக்கிட்ட கையை வச்சுப் பாக்குறா. 'செத்துப் போயிட்டா சொல்லி அனுப்பறேன், தூங்குடி'ன்னேன். அதுக்கு ஒரு அழுகை. டீவியில நான் பாக்குற நாடகத்தைப் பாக்க விடாம, அதுல யாரு யாருன்னு கேட்டுக் கேட்டு உசுரை வாங்குனா. காலையில எழுந்தா ரெண்டு டம்ளர் கழுவ வேண்டி இருக்கும். ஒருத்திக்கு ஆக்கிப் பழகின கைக்கு ரெண்டு பேருக்கு அளவு தெரியல, தினமும் சோறு மிஞ்சுது.

தெனமும் சாயங்காலம் அவன் போன் பண்ணுவான். 'அத்தை சாப்பிட்டாங்களா? அத்தைக்கு வலி இருக்கா?' எனக்குக் கேக்கணும்னே இவ ஸ்பீக்கர்ல போடுவா. நான் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவேன்.

பயமா இல்லையான்னா, பயம்தான். ஆனா சொல்றேன் கேளுங்க, அந்த நாளெல்லாம் எனக்குப் பசி நல்லா எடுத்துச்சு.

அப்புறம் ஒருநாள் ரிசல்ட் வந்துருச்சு. அவனே லேபு வாசல்ல போயி நின்னு வாங்கியிருக்கான். வாங்கினவன் யாருக்கு முதல்ல சொல்லணும்? கட்டி என்னுது. இவளுக்குப் பண்ணுறான். இவ போனைக் காதுல வச்சுக்கிட்டு அப்படியே அடுப்படியில உக்காந்துட்டா. எனக்கு உசுரே இல்ல. அப்புறம் பாத்தா அழுதுகிட்டே சிரிக்கிறா. 'அம்மா, இல்லம்மா. கேன்சர் இல்லம்மா. சாதாரணக் கட்டியாம்மா!'

நானும் அழுதேன். சாமிக்குக் கற்பூரம் ஏத்தினேன். பொய் சொல்லக் கூடாது, அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

மறுநாள் ரிசல்ட்டோட இங்க வந்தோம். அவனும் ஓசூர்ல இருந்து நேரா வந்துட்டான். டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சாங்க. 'பாத்தீங்களா சாந்தாமணி, வேஷம்தான். மூஞ்சி மட்டும்தான் அப்படி, உள்ள சாது. கேன்சர்ல வர்ற மாத்தம் எதுவும் இதுல இல்ல. சாதாரண நார்க்கட்டியில என்ன இருக்குமோ அதுதான் இருக்கு. அதுவும் எடுத்தாச்சு. நிம்மதியாப் போங்க'ன்னாங்க. அந்த மிஷினைச் சும்மா சொல்லக் கூடாது அம்மிணி. மூஞ்சியைப் பாத்து இங்க நாலு டாக்டருங்க ஏமாந்திருக்காங்க, அது ஏமாறல.

என்ன சிரிக்கிறீங்க? நான் கட்டியைப் பத்தித்தான் சொல்றேன்.

வெளிய கேட்டுக்கு வந்தோம். ஆட்டோ நிக்குற எடம் இருக்கே, அங்கதான். அவன் தண்ணி வாங்கப் போயிருந்தான். நான் எம் மககிட்ட சொன்னேன், 'அப்புறம் என்ன? அதான் ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களே. நீ கிளம்பு. அங்க அந்தப் பையன் இத்தனை நாளா வெந்ததும் வேகாததுமாத் தின்னுட்டுக் கெடக்கிறானாட்டம் இருக்கு'ன்னு.

அவ என் மூஞ்சியையே பாத்தா. 'கிளம்பட்டாம்மா?'ன்னா.

'நான் புடிச்சா வச்சிருக்கேன்?'ன்னேன்.

பெத்த மகளா இருந்தா அங்க என்ன சொல்லணும்? 'ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேம்மா'ன்னு சொல்லணுமா இல்லையா? நீங்களே சொல்லுங்க. இவ என்ன சொன்னா தெரியுமா? 'சரிம்மா, போறேன்'னா. போறேன்! வர்றேன்னு சொல்லல. பெத்தவகிட்ட, செத்துப் பொழச்சவகிட்ட, எந்தப் பொண்ணாவது போறேன்னு சொல்லிட்டுப் போவாளா? அடியோட முறிச்சுட்டுப் போறவ சொல்ற வார்த்தை அது. இன்னைக்கும் காதுல கேக்குது.

என்ன? ஆஸ்பத்திரி வாசல்ல அப்படித்தான் சொல்லணுமா?

ஆமா... வர்றேன்னு சொன்னா மறுபடியும் ஆஸ்பத்திரிக்கே வர்ற மாதிரி ஆயிடும்பாங்க. எனக்குத் தெரியாதா? அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். அவங்கப்பனைப் பெரியாஸ்பத்திரியில வச்சிருந்தப்ப, நர்சுகிட்ட 'வர்றேங்க்கா'ன்னு கையை ஆட்டுனா. வாயில ஒண்ணு போட்டேன். 'இங்கெல்லாம் போறேன்னுதான்டி சொல்லணும்'னு. பாவாடை கட்டிக்கிட்டு இருந்த புள்ள.

அதையெல்லாமா இவ ஞாபகம் வச்சிருப்பா? இருக்காது. நீங்க அவளுக்குப் பரிஞ்சு பேசறீங்க. எல்லாரும் அவளுக்குத்தான் பரிவாங்க.

அதுக்கப்புறம் வரல. போன் வரும், ஞாயித்துக்கிழமையானா வரும். 'சாப்பிட்டியா?' 'ம்.' 'மாத்திரை போட்டியா?' 'ம்.' 'இங்க வாயேம்மா, பத்து நாள் இருந்துட்டுப் போ'ம்பா. போன்ல கூப்பிட்டா ஆச்சா? படி மிதிக்க மாட்டேன்னு ஊரறியச் சொன்னவளை, ரெண்டு பேரும் நேர்ல வந்து, தட்டுல வெத்தலை பாக்கு வச்சு அழைக்க வேண்டாமா? அவங்க வர்றதுக்கு நான்தான் படி ஏறாதேன்னு சொல்லி வச்சிருக்கேனாம். நோவு வந்தப்ப மட்டும் ஏறுனாளே, அப்ப என்னவாம்? எதுத்த வீட்டுத் தங்கமணி இருக்காளே, அவ கேக்குறா: 'ஏன் சாந்தா, உனக்குச் சீக்கு வந்தாத்தான் உம் மக வருவாளாட்டம் இருக்குது?' வாய்க்கொழுப்பு. உள்ள வந்து டீவியைச் சத்தமா வச்சேன். இப்பெல்லாம் நாடகத்துல யாரு யாருன்னு எனக்கே மறந்துபோகுது.

அதான் யோசிச்சேன். டாக்டரம்மா பெங்களூர்னு ஒரு வரி எழுதிட்டா, போய்த்தானே ஆகணும்? உடம்பு முக்கியம் இல்லீங்களா? பெங்களூர் போனா ஓசூர்ல தங்கித்தானே ஆகணும்? வேற யாரு இருக்காங்க எனக்கு அங்க? அதை வாக்கு மாறுனதுன்னு தங்கமணிகூடச் சொல்ல முடியாது.

சாந்தாமணியா? என்னைத்தான் கூப்பிடுறாங்க. இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கங்க அம்மிணி. எலுமிச்சங்கா ஊறுகா இருக்கு, சாயாம புடிங்க.

வந்துட்டேன். எழுதல.

'பெங்களூர்ல உங்களுக்கு என்ன வேலை சாந்தாமணி?'ன்னாங்க. இன்னொரு தடவை பாத்துடலாமுங்கன்னேன். 'எதைப் பாக்குறது? பையும் இல்ல, கட்டியும் இல்ல. மிச்சம் இருக்கிறது அந்த மாதிரி ஒண்ணுதான், அது எங்க அலமாரியில தூங்குது'ன்னாங்க. 'மறுபடி வந்துருச்சுன்னா?'ன்னேன். 'அந்தப் பயம் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க, போதும். பெங்களூர் பாக்கணும்னு ஆசையா இருந்தா அதுக்கு என் சீட்டு எதுக்கு? பஸ் ஏறுங்க'ன்னு சிரிக்கிறாங்க.

பஸ் ஏறலாம். யாரு ஏறத் தெரியாதவங்க? ஏறி, எறங்கி, அந்த வாசல்ல போயி நின்னு என்னன்னு சொல்றது? அவ கதவைத் தொறந்து, 'என்னம்மா, எதுக்கு வந்தே?'ன்னு கேட்டுட்டா? கையில ஒரு காகிதம் வேண்டாமா? அது இந்த டாக்டரம்மாவுக்குப் புரியுதா? அவங்க மக அடுத்த தெருவுல இருப்பா.

சரி, குடுங்க பையை. நான் கிளம்பறேன்.

ஏன் அம்மிணி கண்ணு கலங்கியிருக்கு? நான் உள்ள இருந்தப்ப உங்களை லேபு பக்கம் கூப்பிட்டாங்களா? கையில என்ன டப்பா? தொறங்க.

அட சாமி. மெழுகு.

உங்களுதுமா? என்ன சொன்னாங்க? சொல்லுங்க கண்ணு. கேன்சர்னா சொன்னாங்க, கேன்சர் மாதிரின்னா சொன்னாங்க? நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. மாதிரின்னுதானே? அப்ப அழாதீங்க. எது என்னன்னு அந்த மிஷின் சொல்லட்டும், அதுக்குள்ள நாமளா ஒண்ணைச் சொல்லிக்கக் கூடாது. என்னைப் பாருங்க, கல்லுக்குண்டாட்டம் உக்காந்திருக்கேன்.

யாரு கொண்டுபோறா இதை? வீட்டுக்காரர் எங்க? லாரியிலயா, வடக்கயா போயிருக்காரு? மாமியா? நடக்க முடியாதா? பால்குடி மறக்காத புள்ளையை விட்டுட்டு நீங்க எப்படிப் போவீங்க? கூரியர்ல போடலாமுன்னாங்களா? போடலாம். போட்டா எங்க கெடக்குமோ, எப்பப் போகுமோ.

குடுங்க இங்க.

நான் கொண்டுபோறேன். என்னடா யாருன்னே தெரியாதவளாச்சேன்னு பாக்காதீங்க. இந்தாங்க என் ஆதார், டாக்டரம்மாகிட்டயே காட்டிச் சொல்லிட்டுப் போலாம், வாங்க. எனக்கு இன்னைக்கு வேற என்ன வேலை? சும்மா கெடக்கிறவ. எடம் தெரியுமான்னா, எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க இருக்காங்க. ஓசூர் வழியாத்தானே பஸ்ஸு போகுது.

ஒரு நிமிஷம், சொல்லிடறேன். ரிங் போகுது. இன்னைக்கு ஞாயித்துக்கிழமைகூட இல்ல, அவ பயந்துக்குவா.

அலோ. சிந்து, அம்மாதான். எனக்கு ஒண்ணும் இல்லடி. இல்லங்கிறேன்ல, ஏன் இப்படிப் பதறுறே? என் மாதிரி இல்லடி, இது வேற ஒரு பொண்ணோட மாதிரி. நான்தான் கொண்டாறேன். ஆமா, நானேதான். சாயங்காலம் ஆயிடும். பஸ் ஸ்டாண்டுக்கா? சரி, வாங்க. அழாதடி, எதுக்கு அழுவுறே, ஊரான் ஊட்டுப் பொருளைக் கையில வச்சிருக்கேன், அதைப் பேசு முதல்ல. லேபு எந்தப் பக்கம்? இல்ல, நீ சொன்னா எனக்குப் புரியாது. போனை மாப்பிள்ளைகிட்டக் குடு.